இலக்கியத்தில் வெயில்

நம் கதைகளில் வெயில் அடிக்காத நாள் குறைவு. "வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது" என்றோ "அனல் பறந்தது" என்றோ முதல் வரி இருக்கும். இரண்டாவது வரியில் கதாநாயகன் பஸ்ஸை விட்டு இறங்குவான். மூன்றாவது வரியிலிருந்து வெயிலை ஆசிரியரும் மறந்துவிடுவார், கதாநாயகனும் மறந்துவிடுவான். அந்த முதல் வரியை அடித்துவிட்டு "மழை தூறிக்கொண்டிருந்தது" என்று போட்டாலும் கதைக்கு ஒரு சேதமும் வராது. வருஷத்தில் பாதிநாள் வெயிலில் வாழ்கிற ஒரு ஜனசமூகத்தின் எழுத்தில் வெயிலுக்குக் கிடைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதானா என்ற கேள்வி எனக்கு வெகு நாட்களாக உண்டு.

வெயில் எல்லாருக்கும் பொது என்று ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டுவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. உஷ்ணமானி காட்டும் எண் வேண்டுமானால் பொதுவாக இருக்கலாம். அநுபவம் பொது அல்ல. வடாம் பிழிந்து மாடியில் காயவைத்தவளுக்கு மேகம்தான் விரோதி. அதே மாடிக்குத் தளவரிசை போட வந்த கொத்தனாருக்கு அந்த மேகம் தெய்வம். பள்ளிக்கூடம் மூடிவிட்ட சந்தோஷத்தில் தெருவில் ஆடும் பையனுக்கு வெயிலென்று ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே கூடத்தில் சிமெண்டுத் தரையில் துண்டை நனைத்துப் போட்டுப் படுத்திருக்கும் பாட்டிக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரே வீடு, ஒரே மத்தியானம், நாலு வெயில். "வெயில் கொளுத்தியது" என்று எழுதுகிறவர் இந்த நாலில் எதைச் சொல்கிறார்?

மொழி ஏழையாக இருந்தால் இப்படி எழுதுவதை மன்னிக்கலாம். தமிழ் இந்த விஷயத்தில் ஏழை அல்ல. வெக்கை என்று ஒரு சொல் இருக்கிறது; புழுக்கம் என்று ஒரு சொல் இருக்கிறது; காங்கை என்று ஒன்று. வெக்கை மேலிருந்தும் சுவரிலிருந்தும் முகத்தில் அடிப்பது. காங்கை தரையிலிருந்து கிளம்பிக் காலைச் சுற்றுவது. புழுக்கம் காற்றே இல்லாமல் உடம்பை ஆவியில் வைத்து வேகவைப்பது. புழுங்கல் அரிசியும் மனப் புழுக்கமும் அந்தச் சொல்லின் உறவினர்கள்தான். வேலூர் வெக்கைக்குப் பெயர்போனது. நாகப்பட்டினத்தில் புழுக்கம் அதிகம். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு உடற்கூறு சாஸ்திரமே சாட்சி. மனித உடம்பு தன் சூட்டை வெளியேற்ற வைத்திருக்கும் பெரிய சாதனம் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 காலரி உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருந்தால் வியர்வை தோன்றியதும் தெரியாது, போனதும் தெரியாது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக வழியில்லாமல் வழிந்து ஓடும், சட்டை நனையும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். ஆகவே கடற்கரை ஊரின் 36 டிகிரி, உள்நாட்டு ஊரின் 40 டிகிரியைவிடக் கொடுமையாக இருக்கலாம். நாகப்பட்டினத்துக் கதாநாயகியின் முகத்தில் வேலூர்க் காற்றை வீசவிடுகிற ஆசிரியர் அவளுடைய ஊரை அறியவில்லை. ஊரை அறியாதவர் அவளை மட்டும் அறிந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

பழக்கம் என்று ஒன்றும் இருக்கிறது. ஓர் உடம்பு புது உஷ்ணத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். ஒரு மொழி பழகுவதற்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. தமிழில் நல்லவை எல்லாம் குளிர்ச்சியானவை. கண் குளிர்கிறது, மனம் குளிர்கிறது, பெற்ற வயிறு குளிர்கிறது. அரசனுடைய கருணைக்குத் தண்ணளி என்று பெயர். இங்கிலீஷ்காரனுக்கு அன்பான வரவேற்பு வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். குளிர்ந்த வரவேற்பு அவமரியாதை. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ஸானட்டுகளில் பதினெட்டாவதைத் தமிழாக்க முயன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். அங்கே காதலுக்கு உரியவரைக் கோடை நாளோடு வைத்துப் பார்க்கிறார் கவி. கோடை என்று மொழிபெயர்த்தால் நம் வாசகனுக்குப் புகழ்ச்சி வசவாகிவிடும். வசந்தம் என்று மாற்றினால் மூலம் போய்விடும். தீவின் கோடையிலும் சூரியன் சில சமயம் மிஞ்சிவிடுகிறான் என்று அந்தக் கவியே சொல்லியிருப்பது வேறு விஷயம். 2022 ஜூலை 19ஆம் தேதி கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி பதிவாயிற்று. அதற்கு முன் அந்த நாடு 40ஐத் தாண்டியதாகக் குறிப்பே கிடையாது. சூட்டை உள்ளே தேக்கிவைக்கவே கட்டிய வீடுகளில் ஜனங்கள் தவித்தார்கள். நம் மே மாதத்தில் அது செய்தியே ஆகாத எண்.

ஆகவே நாடும் உடம்பும் பழக்கமும் வெயிலை வெவ்வேறாக்குகின்றன. ஆனால் இலக்கியத்தைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமான வேற்றுமை ஒன்று இருக்கிறது. வெயிலைச் சொல்கிறவன் எங்கே நின்று சொல்கிறான்? அவனுடைய நிழல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில நூல்களைப் பார்க்கலாம்.

காளிதாசன் பெயரில் வழங்கும் ருதுசம்ஹாரம் கோடையில்தான் தொடங்குகிறது. ஆறு பருவங்களுக்கு ஆறு சர்க்கம். கோடைக்கு முதல் இடம். அந்தச் சர்க்கத்துக்குள் இரண்டு கோடைகள் இருக்கின்றன. ஒன்று மாளிகையின் கோடை: சந்தனம், நீர் எறியும் யந்திரம் வைத்த மண்டபம், மேல்மாடம், நிலவு, சங்கீதம். மற்றொன்று காட்டின் கோடை. அங்கே பாம்பு மயிலின் தோகைக்குக் கீழே போய்ப் படுக்கிறது. தவளை பாம்பின் படத்தின் நிழலில் ஒதுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் யானையைச் சிங்கம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பகையைக்கூட மறக்கடிக்கிற களைப்பு. இந்தக் காட்சிகளைக் கண்டவன் பெரிய கவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடைசியில் அவன் வாழ்த்துவது யாரை? மாடத்தில் நிலவொளியில் பெண்கள் சூழக் கோடை கழியட்டும் என்று ரசிகனைத்தான் வாழ்த்துகிறான். காடு எரிவதை மேல்மாடத்திலிருந்து பார்க்கும் அழகு இது. அழகுதான், மேல்மாடத்திலிருந்துதான்.

நம் பாலைத் திணை இதற்கு நேர் எதிர். தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் கொடுத்தது; நிலம் என்று தனியாக ஒன்றைக் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்கிற்று. அதாவது பாலை என்பது ஓர் இடமல்ல, எந்த இடத்துக்கும் நேரக்கூடிய ஒரு கதி. சங்கப் புலவர்களுக்கு இந்தக் கதியின் மேல் எவ்வளவு பிடிப்பு என்பதற்கு அகநானூறே கணக்குச் சொல்லும். அதில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை, நானூற்றில் இருநூறு. காதலைப் பாடும் ஒரு நூலில் சரிபாதியை வெயிலுக்கும் பிரிவுக்கும் கொடுத்த இலக்கியம் உலகில் வேறு எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பாட்டுக்களில் வெயிலில் நடக்கிறவன் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பேசுவது வீட்டில் இருக்கும் தலைவி, அவள் தோழி, மகளைப் பறிகொடுத்த தாய், வளர்த்த செவிலி. தலைவன் தன் நெஞ்சோடு பேசும் பாட்டுக்களும் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில் அவன் இன்னும் புறப்படவே இல்லை. அல்லது பாதி வழியில் வீட்டை நினைத்துக்கொண்டு நிற்கிறான். வாகை நெற்று சலசலப்பதும், மரத்தில் ஒரு இலை இல்லாததும், சுனை வறண்டதும் யாருக்குத் தெரிகின்றன? நிழலில் உட்கார்ந்திருப்பவளுக்கு. தன் தோலில் படாத வெயிலை அவள் அநுபவிக்கிறாள். குறுந்தொகையின் 378ஆம் பாட்டில், கயமனார் படைத்த செவிலித்தாய் ஓடிப்போன பெண்ணுக்காக வேண்டிக்கொள்கிறாள்: சூரியன் காயாமல் இருக்கட்டும், மரநிழல் விழட்டும், மலைவழியில் மணல் பரந்திருக்கட்டும், குளிர்ந்த மழை பெய்யட்டும் என்று. கோபத்தை மறந்து கால் சுடுமே என்று கவலைப்படுகிற அந்த ஒரு மனசுக்காகவே பாலைத் திணையை வாழ்த்தலாம்.

கலித்தொகையில் பாலைக்கலியைப் பாடியவர் சேர அரசர், பாலை பாடிய பெருங்கடுங்கோ. வெண்குடைக்கீழ் இருந்தவர். அவருடைய பதினோராவது பாட்டைக் காளிதாசனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. இங்கேயும் வெயிலில் தவிக்கும் மிருகங்கள் வருகின்றன. யானைக்கன்று கலக்கிவிட்ட கொஞ்சநஞ்சத் தண்ணீரை ஆண் யானை பெண் யானைக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் குடிக்கிறது. களைத்த பேடைக்கு ஆண் புறா சிறகால் விசிறுகிறது. நிழலே இல்லாத இடத்தில் வருந்தும் பெண் மானுக்கு ஆண் மான் தன் நிழலைக் கொடுத்து நிற்கிறது. காளிதாசனின் வெயில் பகையை அழிக்கிறது. பெருங்கடுங்கோவின் வெயில் அன்பைச் சோதித்துக் காட்டுகிறது. முன்னதில் கவி ஒரு விந்தையைப் பார்க்கிறான். பின்னதில் ஒரு பெண், இந்தக் காட்சிகளை முன்பு தன்னிடம் சொன்னவன் இவற்றைக் கண்டும் திரும்பாமல் இருப்பானா என்று கணக்குப் போடுகிறாள். பல்லி சொல்கிறது, இடக்கண் துடிக்கிறது, அவளுக்கு நம்பிக்கை பிறக்கிறது. வெயில் அவளுக்குச் செய்தி கொண்டுவருகிறது. நிழலில் இருந்து பாடுவது குறையே அல்ல என்பதற்கு இந்தப் பாட்டு போதும். நிழலில் இருப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கலிங்கத்துப்பரணியில் இந்தக் கண் மாறிவிடுகிறது. காடு பாடியதில் ஜெயங்கொண்டார் செய்வது சாமர்த்தியம். பறக்கும் பருந்தின் நிழல் தரையில் ஓடுவதைப் பார்த்து, நிழலே பயந்து காட்டை விட்டு ஓடுகிறது என்கிறார். கேட்ட சபை ஆரவாரித்திருக்கும், நானும் ஆரவாரிப்பேன். ஆனால் அந்தக் காட்டில் யாருடைய காலும் சுடவில்லை. வெயில் வெறும் வித்தைக் களமாகிவிட்டது. பிற்காலத்துச் சிற்றிலக்கியங்கள் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டு ஜெயங்கொண்டாரின் வேகத்தை விட்டுவிட்டன. நம் "அனல் பறந்தது" அந்தப் பரம்பரையின் கடைசி வாரிசு என்று சந்தேகப்படுகிறேன்.

மேல்நாட்டார் இருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இ. எம். பார்ஸ்டரின் 'எ பாஸேஜ் டு இந்தியா' 1924இல் வந்தது. அதன் நடுப்பகுதி முழுவதும் கோடை. வழக்கு விசாரணை நடக்கும் அறையில் எல்லாருக்கும் தலைக்கு மேலே பங்கா ஆடுகிறது. அதை இழுப்பவன் கீழ்ச்சாதிக்காரன், வழக்கோடு சம்பந்தமில்லாதவன், அவனை அழகிய ஒரு தெய்வம் போல் காட்டுகிறார் பார்ஸ்டர். வழக்கு முடிந்து, அறை காலியாகி, எல்லாரும் போனபின்னும் அவன் இழுத்துக்கொண்டே இருக்கிறான். ஒருவருடைய தென்றல் இன்னொருவருடைய கை வலி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைக்கு என்ன தோன்றிற்று என்று பார்ஸ்டர் சொல்லவில்லை. அவனைச் சிலையாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மற்றவர் ஆல்பெர் காம்யு. அல்ஜீரியாவில் 1913இல் பிறந்தவர், வறுமையில் வளர்ந்தவர். காசில்லாதவனுக்கும் சூரியனும் கடலும் உண்டு என்ற நன்றி அவர் கட்டுரைகளில் நெடுகிலும் இருக்கிறது. வெயிலை அநுபவிக்கப் பங்களாவும் பணமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அவர் பதில். அதே காம்யு 1942இல் 'அந்நிய'னை எழுதினார். கதாநாயகன் மெர்ஸோ கடற்கரையில் ஓர் அராபியனைச் சுடுகிறான். கோர்ட்டில் காரணம் கேட்டபோது வெயிலைச் சொல்கிறான். விமர்சகர்கள் இந்தப் பதிலில் எவ்வளவோ தத்துவம் கண்டிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் நிற்காத இடம் ஒன்று உண்டு. மெர்ஸோ அந்தப் பாறைக்குத் திரும்பிப் போனது அங்கே ஊற்றும் நிழலும் இருந்ததால். போனால், நிழலில் அந்த அராபியன் படுத்திருக்கிறான். தலை மட்டும்தான் நிழலில், உடம்பெல்லாம் வெயிலில். அந்த நாட்டின் பழங்குடிக்கு மிஞ்சியிருந்த நிழல் அவ்வளவுதான் போலும். அதையும் குடியேறியவன் கேட்கிறான். செத்தவனுக்கு நாவலில் பெயர்கூட இல்லை. 2013இல் கமெல் தாவூத் என்ற அல்ஜீரிய நாவலாசிரியர்தான் அவனுக்கு மூஸா என்று பெயர் வைத்து, அவன் தம்பியைப் பேசவிட்டார்.

பேசவிடுவது என்ற இந்த விஷயத்தில்தான் நம்முடைய நவீன நாவல் சில காரியங்களைச் செய்திருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில்தான் மகசூல். கண்ணைக் கூசவைத்து, காலை அரித்து, தோலைக் கருக்கும் வெயில். அது இல்லாத நாளில் கூலி இல்லை. உப்பளத் தொழிலாளி மழைக்கு ஏங்கவும் முடியாது, வெயிலை வாழ்த்தவும் முடியாது. 'கரிப்பு மணிக'ளை எழுதிய ராஜம் கிருஷ்ணன் அந்த ஜனங்களில் ஒருவர் அல்லர். ஆனால் அவர்களிடையே போய்ப் பார்த்து, கேட்டு, எழுதினார். அந்தக் கேட்டலின் பலன் நாவலில் தெரிகிறது.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வந்தது. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்ட சிறுவன் கூளையன் ஆடு மேய்க்கிறான். மேலே நிழல் தர மாளிகை இல்லை, பனைமரம் இருக்கிறது. நீர் எறியும் யந்திரம் இல்லை, கிணறு இருக்கிறது. அந்தக் கிணற்றில் பையன்கள் குதிக்கும்போது கோடை அவர்களுடையதாகிவிடுகிறது. அடிமை வாழ்வில் கிடைத்த அந்தச் சில நாழிகைகளின் சந்தோஷத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. அதைக் காட்டி அடிமைத்தனத்தையும் மறைக்கவில்லை. இதுதான் கடினம். வெயிலில் வேலை செய்கிறவன் என்றாலே பரிதாபம் என்று எழுதுவது சுலபம். அதுவும் ஒருவகை மேல்மாடம்தான். வெயிலில் நிற்பவனுக்கும் வெயிலில் ஓர் இன்பம் உண்டு, அது நம்முடைய இன்பம் அல்ல என்று ஒப்புக்கொள்வதற்கு வேறு பண்பு வேண்டும்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பெயரே வெக்கை. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தன் அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டு, தகப்பனோடு காடு மேடாக ஒளிந்து திரிகிறான். இதில் வெயிலின் வர்ணனை என்று எடுத்துக்காட்டப் பத்தி பத்தியாகக் கிடைக்காது. ஓடை, பாறை, சுனைத் தண்ணீர், எதைத் தின்பது, எங்கே படுப்பது என்று பேச்சாகவே போகிறது. கரிசல் மண்ணின் வெயிலை அறிந்தவன் அதை வியந்துகொண்டு நிற்பதில்லை. அதற்குள் எப்படி நடப்பது என்று பார்க்கிறான். சங்கப் பாட்டில் வாய்திறக்காமல் போன அந்த வழிநடைக்காரன் இங்கே பேசுகிறான் என்று எனக்குத் தோன்றும். அவன் பேச்சில் உவமை குறைவு, வழி நிறைய.

வெயிலில் நிற்கிறவன் மட்டும்தான் வெயிலை எழுதலாம் என்பது என் கட்சி அல்ல. அப்படியானால் பெருங்கடுங்கோவும் கயமனாரும் போய்விடுவார்கள். அவர்கள் இல்லாத தமிழ் எனக்கு வேண்டாம். தன் நிழல் எங்கே இருக்கிறது என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும், வாசகனுக்கும் தெரியவேண்டும். அந்தச் செவிலிக்குத் தெரிந்திருந்தது. பரணியின் சபைக்குத் தெரியவில்லை.

புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரியைத் தள்ளிவிடும்படி கேட்கிறார். அரசனுடைய குடை வெயிலை மறைப்பதற்காக ஏற்பட்டதல்ல, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்காக என்று நினைவூட்டுகிறார். பழஞ்செய்க் கடன் தள்ளுபடி ஆயிற்று என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. நிழல் ஒரு பங்கீட்டு விஷயம் என்பது நம் புலவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

அது இப்போது இன்னும் அவசரமான விஷயம். பூமி சூடேறி வருகிறது. ஈரமும் உஷ்ணமும் ஒரு வரம்புக்கு மேல் சேர்ந்துவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரனையும் வியர்வை காப்பாற்றாது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். நிழலை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், அந்த நிழலைக் குளிரவைக்கும் யந்திரம் தெருவில் கக்கும் அனலில் தள்ளுவண்டியோடு நிற்பவர்கள் மறுபக்கம் என்று ஊர் பிரிந்துகொண்டிருக்கிறது. முன்னவர்கள் வெயிலைச் செய்தியாகப் படிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருடைய வெயிலை அறிய அவர்களுக்கு இலக்கியம் ஒரு வழி. பெரிய வழி என்றுகூடச் சொல்வேன். அந்த வழியில் "வெயில் கொளுத்தியது" என்ற செத்த வாக்கியத்தைப் போட்டு அடைத்துவைப்பது நியாயமாகப் படவில்லை.

அடுத்த கதையை அந்த வரியோடு தொடங்கப்போகும் இளம் எழுத்தாளருக்கு ஒன்று சொல்லலாம். கதாநாயகன் பஸ்ஸை விட்டு இறங்கட்டும். அது வெக்கையா, புழுக்கமா, காங்கையா என்று அவன் உடம்பையே கேளுங்கள். பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவளையும் கேளுங்கள். அவள் சொல்வது வேறாக இருக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.